ஏன் மடித்தாய் என்று கேட்டாயே

தம்பி,

அன்புள்ள என்று ஆரம்பித்து எழுத இன்றைக்கு மனம் வரவில்லை. அதனால் வெறும் தம்பிதான். நீ நேற்று பெங்களூர் ரயில் ஏறிவிட்டாய். நான் என் ஜாக்கெட்டைத் தைத்து வாங்கவும், நாளைக் காலை முகூர்த்தப் புடவையை ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னதியில் வைத்து எடுக்கவும் இன்னும் ஒரு நாள் இந்த ஹோட்டலில் கிடக்கிறேன். மேஜை மேல் ஹோட்டல் பேர் அச்சடித்த சின்ன நோட்டு ஒன்று இருந்தது. அதில் ஐந்தே தாள். எனக்கு இருக்கிற கோபத்துக்கு அது எந்த மூலைக்கு? கீழே போய் இன்னும் இரண்டு நோட்டு கேட்டு வாங்கி வந்தேன். போனில் பேசலாம்தான். "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளாகப் போட்டோ பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறேன். மீட்டிங்கில் இருந்தாலும் படி.

இந்த ஹோட்டலை நீ ஆசையாகத்தான் பிடித்தாய், இல்லையென்று சொல்லவில்லை. "மலைக்கோட்டை தெரியுற ரூம்மா" என்று நீயே திரையை இழுத்துக் காட்டினாய். தெரிந்தது ஒரு நகைக்கடை விளம்பரப் பலகை. அதன் தலைக்கு மேல் பிள்ளையார் கோயில் உச்சி விரற்கடை அளவுக்கு எட்டிப் பார்த்தது. ஜன்னல் திறக்காது. ஏசி என் பேச்சைக் கேட்காது. குளியலறைக்குச் சுவர் வைக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி வைத்திருக்கிறான். கட்டியவன் பெற்ற தாயோடு எங்கேயும் போய்த் தங்கியதில்லை போலிருக்கிறது. காபி வேண்டுமென்றால் பொட்டலத்தைக் கிழித்து நாமே கலக்கிக்கொள்ள வேண்டுமாம். தெருமுனையில் நல்ல காபி ஆற்றிக் கொடுக்கிற ஊரில் இந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கு ஒரு ரூம். காலைப் பலகாரம் முப்பது வகை என்று பெருமை வேறு. இட்லி ஆறிக் கல்லாகிவிட்டது, தோசைக்குத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். நிற்பது எனக்குப் புதிதா என்ன.

சனிக்கிழமை காலை பெட்டியோடு லிஃப்டில் ஏறினோமே, நினைவிருக்கிறதா? மூன்றாவது மாடிக்குப் போகிற அந்த அரை நிமிஷத்துக்காக நீ எத்தனை நாள் காத்திருந்தாயோ தெரியாது. "அம்மா, கீர்த்தனா வீட்டுல நீ டீச்சரா இருந்தேன்னு சொல்லியிருக்கேன். கேட்டா சமாளிச்சுக்க" என்றாய். கதவு திறந்தது. நீ பெட்டியை உருட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாய். பதினாலு வருஷம் சின்னக்கடைத் தெரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டியவளை லிஃப்ட் மேலே போய்ச் சேருவதற்குள் டீச்சர் ஆக்கிவிட்டாய். அதுவும் யாரிடம் சொல்லியிருக்கிறாய்? எனக்கு மருமகளாக வரப்போகிற கீர்த்தனாவின் அம்மாவிடம். அந்த அம்மா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பொய் சொல்வதிலும் ஒரு புத்தி வேண்டாமா? அங்கேயே, அந்த வராந்தாவிலேயே நான் உன்னை நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெண் வீட்டார் கடை வாசலில் காத்திருக்கிறார்கள், நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடையைத் தேர்ந்தெடுத்தது சம்பந்தியம்மா. நான் வேலை பார்த்த பழைய கடை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. இது அதே பக்கத்தில் புதிதாக எழும்பிய ஐந்து மாடிக் கடை. வாசலில் பன்னீர் தெளித்தார்கள், உள்ளே ஜூஸ் கொடுத்தார்கள், நமக்கு மெத்தை வைத்த நாற்காலி போட்டார்கள். எதிர்ப்பக்கம் புடவை காட்டுகிற பெண்களுக்கும் சுவரோரம் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்குள் போனதும் என் கண்ணில் முதலில் பட்டது அந்த ஸ்டூல்தான். அரக்கா மாம்பழ மஞ்சளா என்று நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் புடவைகள் வர ஆரம்பித்தன. ஒன்று பிடிக்கவில்லை என்று தள்ளினால் அடுத்தது விரிவதற்குள் தள்ளியதை மடித்துவிட வேண்டும். இல்லையென்றால் கவுண்டரில் குவிந்துவிடும், சூப்பர்வைசர் பத்துப் பேர் முன்னால் கத்துவார். ஜரிகை கசங்காமல் முந்தியை உள்ளே தள்ளி, கரையோடு கரையைச் சேர்த்து ஒரு உதறு உதறி, முழங்கையில் போட்டு மடித்து, கட்டை விரலால் ஒரு நீவு நீவ வேண்டும். என் மனசு அந்த ஸ்டூலில் இருந்தது. கை அதுபாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. ஆறு புடவை மடித்து அடுக்கிய பிறகுதான் எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"மேடம், நீங்க விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று அந்தப் பெண் பதறினாள். அப்புறம் அடுக்கைப் பார்த்துவிட்டு, "எங்களவிட நறுக்குன்னு மடிக்கிறீங்களே!" என்றாள்.

சம்பந்தியம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அடுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. "எங்கம்மாவுக்கு எல்லாம் நீட்டா இருக்கணும். ஸ்கூல்ல பசங்க நோட்டெல்லாம் இப்படித்தான் அடுக்கி வைப்பாங்க" என்றாய். என் பக்கம் குனிந்து, "சும்மா இரும்மா" என்று பல்லைக் கடித்தாய்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து கை நிறையப் பட்டுப்புடவைகளைச் சுமந்துகொண்டு மேரி வந்தாள். பழைய கடையில் என்னோடு ஒரே கவுண்டரில் நின்றவள். பழைய கடை மூடியதும் இங்கே சேர்ந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. முடி நரைத்து, கண்ணாடி போட்டு, அதே மாதிரி யூனிஃபார்ம் புடவையில். "அக்கா!" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று உனக்குக் கேட்டிருக்காது. நீ உடனே எழுந்து, "ஆள் தெரியாம பேசறீங்க. இவங்க எங்கம்மா, டீச்சர்" என்றாய்.

மேரி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மடியில் கிடந்த புடவையின் கரையைப் பார்த்தேன். ஏதோ அந்த ஜரிகையில் ரொம்ப நுணுக்கமான வேலை இருப்பது போல விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மன்னிச்சுக்குங்க மேடம். எங்ககூட வேலை பாத்த ஒரு அக்கா மாதிரி இருந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் புடவைகளை வைத்துவிட்டுப் போனாள்.

காருக்கு வந்ததும் நீ கேட்டாய்: "ஏம்மா மடிச்ச?" நான் மடித்ததுதான் உனக்குப் பெரிதாகப் பட்டது. மேரியைத் துரத்தியது உனக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரூம் பெருக்க வந்த பெண், நான் விரிப்பையெல்லாம் உதறி மடித்து வைத்திருப்பதைப் பார்த்து, "எந்த ஊருங்கம்மா?" என்று கேட்டாள். "இந்த ஊருதாம்மா. பாலக்கரையில இருந்தோம்" என்றேன். "இந்த ஊர்க்காரங்க எதுக்குங்க ரூம் போட்டுத் தங்குறீங்க?" என்றாள். எனக்கும் அதேதான் சந்தேகம். உன்னோடு பெங்களூர் வந்த பிறகு இங்கே நமக்கு வீடில்லைதான், ஆனாலும் மேரி வீட்டில் ஒரு பாயைப் போட்டால் நான் தூங்கிவிடுவேன். இவ்வளவு பெரிய ஹோட்டல் எதற்கு என்பது மத்தியானம் ஸ்ரீரங்கத்தில் சம்பந்தி வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தபோது புரிந்தது. கீர்த்தனாவின் அப்பா, "தில்லை நகர் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கீங்களாமே. நம்ம வீடு இருந்தும் ஹோட்டல்ல தங்க வேண்டியதாப் போச்சு, பாருங்க" என்று வருத்தப்பட்டார். நமக்கு ஏதடா தில்லை நகரில் வீடு? நாலு குடும்பத்துக்கு ஒரே குழாய் இருந்த பாலக்கரைப் போர்ஷனில் அல்லவா நீ வளர்ந்தாய்? நீ தலையைக் குனிந்து ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாய்.

சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தேன். புடவை கொஞ்சம் விலகியிருக்க வேண்டும். என் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருப்பதைச் சம்பந்தியம்மா பார்த்துவிட்டு, "என்னங்க இது, டாக்டர்கிட்ட காட்டலையா?" என்றார். நிஜமான அக்கறையோடு கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "கிளாஸ்ல நின்னு நின்னே பாடம் நடத்தினாங்கல்ல, அதான்." என் காலையும் நீ விட்டு வைக்கவில்லை, தம்பி. ஐப்பசி மாசம் முழுக்கக் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பதினொன்று வரை உட்காராமல் நின்று நான் வாங்கிக்கொண்ட வலி அது. உன் செமஸ்டர் ஃபீஸ் அந்த நரம்பில் இருக்கிறது. அதை எடுத்து இல்லாத பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாய்.

"எந்த ஸ்கூல்ங்க? எந்தக் கிளாஸ் எடுத்தீங்க?" என்று அவர் கேட்டார்.

"சின்ன ஸ்கூல்தாங்க. மூணாங் கிளாஸ்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். நீ சொல்லிக்கொடுக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை. என் வாயாலேயே சொன்னேன். இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டுகிற ஒவ்வொரு வரியிலும் பாதி எனக்கு என்று எடுத்துக்கொள். ஆனால் மீதிப் பாதி உனக்கு. அதில் ஒரு வார்த்தையும் நான் குறைக்கப் போவதில்லை.

இதெல்லாம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்று காலையிலிருந்து யோசித்துப் பார்த்தேன். என்னிடமிருந்துதான். துவாக்குடியில் உன் அப்பா வெல்டராக இருந்த கம்பெனியில் ஆர்டர் இல்லை என்று ஆட்களை நிறுத்தியபோதுதான் நான் கடைக்குப் போனேன். உன் அப்பாவுக்கு அது கடைசிவரை அவமானம். "யாராச்சும் கேட்டா வீட்டுல இருக்கேன்னு சொல்லு" என்பார். உன்னை ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளியில் சேர்க்கப் போனோம். விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதினேன். நீ எட்டிப் பார்த்துப் படித்தாய். "இல்லத்தரசின்னா என்னம்மா?" "வீட்டுல இருக்கறவங்க." "நீ வீட்டுல இருக்கறதே இல்லையே?" என்று சத்தமாகக் கேட்டாய். பக்கத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன் தொடையில் கிள்ளி, "சும்மா இரு" என்றேன். சனிக்கிழமை நீ எனக்குத் திருப்பிக் கொடுத்தது நான் அன்றைக்கு உனக்குக் கொடுத்ததைத்தான். அன்றைக்கு நீ கேட்டது சரி. கிள்ளியது என் தப்பு. அந்தத் தப்பை இத்தனை வருஷம் கழித்து உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

உன் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு நான் எப்படி வருவேன் என்று உனக்குத் தெரியாது. கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுவிட்டு, வழியில் மேரி வீட்டில் நுழைந்து யூனிஃபார்ம் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அவளுடைய நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வருவேன். உன் கூட்டாளிகளின் அம்மாக்கள் என் புடவையைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்பார்கள். அது மேரியின் கிறிஸ்துமஸ் புடவை. உனக்கு அம்மை போட்ட பத்து நாளும் என் கவுண்டரையும் சேர்த்துப் பார்த்து, சூப்பர்வைசர் கேட்கும்போதெல்லாம் "இப்பதான் குடோன் போனாங்க" என்று சொல்லி என் வேலையைக் காப்பாற்றியவள் அவள். உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம். குடோனில் புடவைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒருத்தி ஐந்து நிமிஷம் உட்காருவாள், மற்றவள் காவல் நிற்பாள். மாற்றி மாற்றி பதினாலு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தோம். அவளைப் பார்த்துத்தான் நீ ஆள் தெரியாமல் பேசுகிறீர்கள் என்றாய். நான் கரையைப் பார்த்தேன்.

இன்று காலை ஜாக்கெட் அளவு கொடுத்துவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். திங்கட்கிழமை, கூட்டமில்லை. மேரி என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "வாங்க மேடம். என்ன பாக்கறீங்க?"

"மேரி" என்றேன்.

"பட்டா, சில்க் காட்டனா மேடம்?"

"என்னைத் திட்டிடு மேரி. இப்படிப் பேசாத."

மேரி கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். ஒரு புடவையை எடுத்து விரித்தாள், கேமரா இருக்கிறதல்லவா. விரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "உம் பையன் சொன்னதுல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. சின்னதுல பாத்தது, முகம் மறந்திருக்கும். நீ கரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த பாரு. வீட்டுக்குப் போயி அதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அழுதுவிட்டேன். கடையில் நின்று அழுதது அதுதான் முதல் தடவை. வேலை பார்த்த காலத்தில் கூட அழுததில்லை. அந்த ஸ்டூலில் உட்காரேன் மேரி என்றேன். "வேலை பாக்கறவங்க உக்காரலாம்னு சட்டம் வந்து ஸ்டூல் போட்டுட்டாங்கக்கா. உக்காந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சூப்பர்வைசர் வந்து பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. திட்டினாக்கூடத் தேவலாம்" என்று சிரித்தாள். நான் பெட்டிகளைக் கீழே இறக்கி வைத்தேன். அவளை உட்கார வைத்தேன். சூப்பர்வைசர் வந்தால் மேடம்தான் உட்காரச் சொன்னாங்க என்று சொல்லிக்கொள்ளட்டும். உன் ஹோட்டலும் காரும் கொடுத்த மேடம் பட்டம் அந்த ஒரு இடத்தில்தான் உபயோகப்பட்டது.

விரித்த புடவைகளை மடித்துக்கொண்டே நின்று பேசினேன். அப்போது மண்ணச்சநல்லூரிலிருந்து வந்த ஒரு பெண், மகளுக்கு நிச்சயதார்த்தப் புடவை எடுக்க வந்தவள், என்னைப் பார்த்து, "ஏங்க, இதுலயே பச்சை இருக்கா?" என்றாள். மேரி எழப் போனாள். நான் அவளைத் தோளில் அழுத்தி உட்கார வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து மூன்று பச்சை எடுத்து விரித்தேன். பொண்ணு கலர் எப்படி, முகூர்த்தம் பகலிலா என்று கேட்டேன். கால் மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாள். இந்த மூன்று நாளில் நான் நிமிர்ந்து நின்றது அந்தக் கால் மணி நேரம்தான். ஏன் மடித்தாய் என்று கேட்டாயே, இதுதான் பதில். அந்த வேலை எனக்கு நன்றாக வரும், அதனால் மடித்தேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்குச் சம்பந்தியம்மாவும் கீர்த்தனாவும் என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போக இங்கே வருகிறார்கள். அதற்குள் நீ கீர்த்தனாவிடம் பேசு. வீடு, பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் சொல். அந்தப் பெண் கோபப்படுவாள், படட்டும். ஜவுளிக்கடைக்காகக் கோபப்பட மாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ பொய் சொன்னதற்குப் படுவாள், அது நியாயம். இன்னும் என்னென்ன மாற்றிச் சொல்லியிருக்கிறாய் என்று கேட்பாள். பதில் சொல்லு. கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கட்டிக்கொண்ட பிறகு அவள் வேறு யார் வாயிலிருந்தாவது இதைக் கேட்பதற்கு, இப்போது உன் வாயிலிருந்து கேட்டுவிட்டு வேண்டாமென்று போவது மேல். புருஷன் சொல்வதில் எது நிஜம் என்று தினமும் தேடிக்கொண்டிருக்கிற வாழ்க்கையை அந்தப் பெண்ணுக்கு நான் கொடுக்க மாட்டேன். நீயே பேசினால் உனக்கு மரியாதை. பேசவில்லையென்றால் நான் பேசுவேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மேரிக்குப் பத்திரிகை வைத்துவிட்டேன். நாளைக் காலை கடைக்குப் போகிற வழியில் அவளையும் எட்டு மணிக்கு இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் தயங்கினாள். "அவங்க யாருன்னு கேட்டா என்னக்கா சொல்றது? மறுபடியும் ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லவா?" என்றாள்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே கவுண்டர்ல நின்னவங்கன்னு சொல்லு. நான் உம் பக்கத்துலயேதான் நிப்பேன்" என்றேன்.

அம்மா